மூன்றாவது உதை

முகம் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்துவிட்டது.

ஒரு அடி ஓசையில்லாமல். அடுத்த அடி ‘டப்’பென்று. மறுபடி ஓசையில்லாமல் ஒன்று, மறுபடி ‘டப்’. பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு செத்துப்போனால் கால் இப்படித்தான் தரையில் அறைந்து விழும். நூறு பேர் நடந்து வந்தாலும் இந்த நடையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அப்போது நான் செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் அறை மாடிப்படிக்குக் கீழே. ஒரு இழுவைக் கட்டில், சூடு வைக்கும் மெஷின், பச்சைத் திரை, நான். இந்த நான்கில் மெஷின்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று டாக்டர் கிண்டல் செய்வார்.

திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. வலது கால் செருப்பு கழன்று விழாமலிருக்கச் சைக்கிள் ட்யூபைப் பட்டையாகக் கிழித்துக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

“இன்னாடி மாலு, முழிச்சிகினு நிக்கிறே? அடையாளம் தெரிலயா? கஸ்தூரிடி.”

தெரியாமல் என்ன. பன்னிரண்டு வருஷமாக என் கனவில் வந்துகொண்டிருக்கிற காலாயிற்றே அது.

கால் முன்னால் வந்தவள்

நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்தது. அம்மா அன்றைக்குப் பட்ட பாட்டை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாயசத்தோடு சேர்த்துப் பரிமாறுவாள்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பிறந்தவர்களுக்கு ஒரு வேலை உண்டு. இடுப்பு பிடித்துக்கொண்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, நடு இடுப்பில் மூன்று தடவை காலால் உதைக்க வேண்டும். பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. உதைக்கிறவள் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது. திங்க ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விதியும் உண்டு. மனுஷரைக் காலால் தொட்டது பாவம். அதனால் மூன்றாவது உதை முடிந்ததும் குனிந்து, உதைத்த இடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இதை மட்டும் அம்மா மறக்கவே விடமாட்டாள். “தொட்டுக் கும்புடு, தொட்டுக் கும்புடு” என்று பக்கத்திலேயே நிற்பாள்.

மாமல்லபுரத்தில் இடுப்பு வலிக்கா பஞ்சம்? வலை இழுக்கிறவர், கல் தூக்குகிறவர், நாளெல்லாம் பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழிக்கிறவர் எல்லோரும் வந்தார்கள். ஆறு வயதிலிருந்து உதைத்திருக்கிறேன். வாத்தியார் ஒருவரைக்கூட உதைத்திருக்கிறேன். அடுத்த நாள் கணக்கில் சுழி வாங்கியபோது அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இந்தத் தொழிலில் மரியாதை உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கடலை மிட்டாய், முறுக்கு, ஒருமுறை ஒரு பலாச்சுளைப் பொட்டலம். பள்ளிக்கூடத்தில் என் பெயர் ‘உதைக்காரி’. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

கிரிக் கிரிக்

என் அப்பா கடற்கரைக் கோயிலுக்குப் போகிற ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு புலிக்குகை வரைக்கும் போய்விட்டு, முகம் தக்காளியாகித் திரும்புவார்கள். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு.

கஸ்தூரி அக்கா இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கடலோர ஓட்டல் ஒன்றின் லாண்டிரியில் வேலை. தினமும் எங்கள் கடையிலிருந்துதான் லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள். அவளிடமிருந்து சோப்பும் வெயிலும் கலந்த வாசனை வரும். நூறு அறைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு அள்ளி, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயவைக்க வேண்டும். ஈர விரிப்பின் கனம் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு பழக்கம். சைக்கிளில் உட்கார்ந்தபடியே இடது காலைத் தரையில் ஊன்றி நின்று அப்பாவோடு பேசுவாள். வலது கால் சும்மா இருக்காது. புறங்காலால் பெடலைக் கொக்கி போட்டு மேலே தூக்கி, பாதத்தால் பின்பக்கம் தள்ளிவிடுவாள். மறுபடி தூக்குவாள், மறுபடி தள்ளுவாள். கிரிக் கிரிக் கிரிக் என்று பின்சக்கரம் சத்தம் போடும்.

“ஏம்மா, செயினு கழண்டுக்கப் போவுது. காலை வெச்சிகினு சும்மா இரேன்” என்பார் அப்பா.

“கழண்டா நீ மாட்டப் போறே அண்ணாத்த. வேற இன்னா வேலை உனுக்கு?” என்பாள்.

அவளைப் பார்த்தால் அப்பா சிரித்துவிடுவார். எல்லோருமே சிரித்துவிடுவார்கள்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அவளுக்கு இடுப்பு வலி வந்தது. இடுப்பில் ஆரம்பித்து, வலது தொடையின் பின்பக்கமாக ஆடுசதை வரைக்கும் இறங்கியது. இருமினால் காலில் மின்னல் அடிக்கிறது என்றாள். இப்போது என்னிடம் ஒரு நோயாளி இதைச் சொன்னால் ஒரு நொடி யோசிக்க மாட்டேன். முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கிக் கால் நரம்பை அழுத்துகிறது. பாரம் தூக்காதே, இப்படிப் படு, இப்படி எழுந்திரு என்பேன். அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கிரிக் கிரிக் கேட்டது.

“யக்கா, உன் பொண்ணு நாஸ்தா துன்னுட்டாளா?”

“இல்லடி, இன்னும் வெறும் வயித்துலதான் கீறா. வா” என்றாள் அம்மா.

உள்ளே கோரைப்பாயில் குப்புறப் படுத்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் உதை கொடுத்தேன். இரண்டாவதும் கொடுத்தேன்.

“இன்னாடி, தடவி வுடுறியா? வூட்ல சோறு போடுறாங்களா இல்லியா? நல்லா உதைடி!” என்றாள் பாயில் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டே.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, எம்பி, என் முழுக் கனத்தையும் குதிகாலில் இறக்கினேன்.

அவள் கத்தினாள். பிறகு கொஞ்ச நேரம் அசையவில்லை. அம்மா பயந்துபோய் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்தாள். மெதுவாக எழுந்து சுவரைப் பிடித்து நின்றவள், வலது காலைப் பார்த்தாள். இருமிப் பார்த்தாள். இன்னொரு முறை இருமினாள்.

“யக்கா, வலி பூட்ச்சிக்கா! கால்ல வலியே இல்ல!”

என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். அந்தச் சந்தோஷத்தில் தொட்டுக் கும்பிட நான் மறந்துபோனேன். சொல்லித் தர அம்மாவும் மறந்துபோனாள். அந்த ஒருமுறைதான்.

போகும்போது கஸ்தூரி அக்கா சைக்கிளில் ஏறவில்லை. “கால் கொஞ்சம் மதமதன்னு கீது” என்று சொல்லித் தள்ளிக்கொண்டே போனாள்.

மூன்று நாள் ராணி

மூன்று நாள் நான் ராணி மாதிரி இருந்தேன். அவள் கொடுத்தனுப்பிய கடலை மிட்டாயை வகுப்பில் எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்து, வலி எப்படிப் பறந்தது என்று நடித்தும் காட்டினேன்.

நான்காம் நாள் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. டப்.

பாதம் தூக்க வரவில்லை. கட்டைவிரல் தொங்கியது. செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்தது அவளுக்கே தெரியவில்லை. வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வேலை செய்ற எடத்துல ஈரத்தரை. வழுக்கி வுழுந்துட்டேன்” என்றாள் அப்பாவிடம். அம்மாவிடமும் அதையே சொன்னாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு எண்ணெய் சொன்னார்கள். திருவிடந்தைப் பக்கம் ஒருவர் கட்டுப் போட்டார். மாதங்கள் போயின. ஈர விரிப்போடு மாடிப்படி ஏற முடியாமல் லாண்டிரி வேலை போயிற்று. சைக்கிள் எடுக்க வருவதும் நின்றது. அந்த லேடீஸ் சைக்கிளை வேறு யாருக்கும் தராமல் அப்பா கொஞ்ச நாள் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார். பிறகு அதையும் கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் கஸ்தூரி அக்கா குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

இதற்கு நடுவே, யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அம்மா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். “பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. இனிமே உதைக்கக் கூடாது.”

நான் பெரியவளானது அதற்கு அடுத்த வருஷம்தான். அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஏன் என்றும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

பிசியோதெரபி ஏன் படித்தாய் என்று கேட்கிறவர்களிடம், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்று சொல்வேன். அதுவும் உண்மைதான்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு பேராசிரியர் முதுகுத்தண்டு பாடம் எடுத்தார். கால் வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் அது குணமாகிற அறிகுறி என்றார். “ஆனால் கால் வலி திடீரென்று மறைந்து, கால் மரத்துப்போய், பாதம் தூக்க வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். நரம்பு நசுங்கியிருக்கிறது. உடனே ஆபரேஷனுக்கு அனுப்புங்கள். நாள் தள்ளினால் போச்சு.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன். விடுதிச் சாப்பாடு சேரவில்லை என்று தோழிகள் மோர் வாங்கிக் கொடுத்தார்கள்.

எப்படி ஆரம்பித்தது?

இப்போது மாடிப்படிக்குக் கீழே அதே கஸ்தூரி அக்கா, என் எதிரே ஸ்டூலில்.

பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றின் சமையல்கட்டில் வேலை செய்கிறாளாம். குனிந்து குனிந்து அண்டா கழுவுகிற வேலை. நான் இங்கே இருப்பதை ஊர்க்காரர் யாரோ சொல்லி, மின்சார ரயிலில் வந்திருந்தாள்.

“வலது காலு பூட்ச்சி, அதுங்கூட நான் குடித்தனம் பண்ணிட்டேன். இப்ப இடது காலு ஆரம்பிச்சிக்கீது மாலு. அதே மாதிரி. தொடை பின்னால, ஆடுசதை வரைக்கும். இதுவும் பூட்டா நான் எதை ஊனி நிக்கிறது? பொண்ணு பத்தாவது படிக்கிறா.”

குரல் உடையவில்லை. கை மட்டும் இடது முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இடது காலைப் பார்த்தேன். படுக்கவைத்து நேராகத் தூக்கியபோது பாதி உயரத்திலேயே பல்லைக் கடித்தாள். ஆனால் கட்டைவிரல் என் கையை எதிர்த்துத் தூக்கியது. உணர்ச்சி இருந்தது. நேரம் இருக்கிறது என்று அர்த்தம். வலது கட்டைவிரலைத் தூக்கச் சொன்னேன். அவள் அதையே உற்றுப் பார்த்தாள், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. விரல் அசையவில்லை.

விசாரணைத் தாளை எடுத்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்ப வேண்டிய தாள். பழைய தொந்தரவு ஏதாவது உண்டா? உண்டென்றால், எப்படி ஆரம்பித்தது?

“எழுதிக்கோ. ஈரத்தரையில வழுக்கி வுழுந்தேன்.”

பேனாவை வைத்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

“அக்கா, நீ விழவே இல்லை.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் உதைச்சதுக்கு முன்னாலயே பாதம் மரத்துப் போயிருந்துச்சா? உண்மையைச் சொல்லுக்கா. எனக்குத் தெரியணும்.”

நான் ஒரு மருத்துவக் கேள்வியைக் கேட்கவில்லை. பதினொரு வயதுக்காரிக்காக மன்றாடினேன். என் குரலிலேயே அது தெரிந்திருக்கும். கஸ்தூரி அக்கா என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“ஆமாண்டி. ரெண்டு நாள் முன்னாலயே மரத்துப் பூட்ச்சி. காலைத் தூக்கவே முடில. உங்கிட்ட வரும்போதே அப்டித்தான் வந்தேன். நீ இன்னா பண்ணுவே, கொயந்தை.”

நான் எழுந்து வெளியே போனேன், சூட்டு ஒத்தடப் பையை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு. வெந்நீர்த் தொட்டியின் முன்னால் நின்று அழுதேன். பன்னிரண்டு வருஷம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. முன்னாலேயே நரம்பு போய்விட்டது. நான் இல்லை. நான் இல்லை.

பையை இடுக்கியால் தூக்கினேன். தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த என் காதில் முதலில் விழுந்தது என்ன என்பது நினைவுக்கு வந்தது.

கிரிக் கிரிக்.

புறங்காலால் பெடலைத் தூக்கிச் சுற்றுகிற சத்தம். வலது காலால். பாதம் தூக்க முடியாத ஒருத்தியால் அது ஆகாது. எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது அவள் கால் நன்றாக இருந்தது. திரும்பிப் போகும்போதுதான் தள்ளிக்கொண்டு போனாள்.

இடது கால்

ஆறு வாரம் அவள் வந்தாள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் நிமிர்த்துகிற பயிற்சியை முதலில் கொடுத்தேன். “பாம்பாட்டம்லாம் ஆட வெக்கிறியேடி” என்று திட்டிக்கொண்டே செய்தாள். அண்டாவைக் குனிந்து கழுவாமல், மேலே மேடையில் வைத்துக் கழுவ ஏற்பாடு செய்யச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் வலி ஆடுசதையை விட்டுத் தொடைக்கு ஏறியது. ஐந்தாவது வாரம் இடுப்போடு நின்றது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அது தூக்கும்வரை எனக்கு மூச்சு நின்றிருக்கும். இடது கால் பிழைத்தது.

வலது காலுக்கு அளவெடுத்து, பாதம் தொங்காமல் தாங்குகிற பிளாஸ்டிக் பட்டை செய்யச் சொன்னேன். அதைப் போட்டபின் அந்த ‘டப்’ சத்தம் பாதியாகக் குறைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டிய சாதனம் அது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, அந்த முதல் நாள், ஒத்தடப் பையோடு நான் அறைக்குத் திரும்பினேன். அவள் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

“அக்கா. அன்னிக்கு நீ வாசல்ல பெடலைச் சுத்திகினு நின்னே.”

“நான்தான நல்லா உதைன்னு சொன்னேன்?” என்றாள் திரும்பாமலே. “வுடு மாலு. நான் அன்னிக்கே உம்பேரைச் சொல்லியிருந்தா, தெருவே உன்னை இன்னா சொல்லியிருக்கும்? நீ இங்க நின்னிகினு எனுக்கு வைத்தியம் பாத்துகினு இருப்பியா?”

“நரம்பு எதால போச்சுன்னு யாராலயும் சரியாச் சொல்ல முடியாதுக்கா. தட்டு ஏற்கனவே...”

“படிச்ச பேச்சுல்லாம் வேணாம். தாள்ல வழுக்கி வுழுந்தேன்னு எழுது. எழுதிட்டு வேலையப் பாரு. ரெண்டு மணிக்கு வண்டி கீது எனுக்கு.”

எழுதினேன். என் வேலைக்காலத்தில் தெரிந்தே நான் எழுதிய ஒரே பொய் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

பிறகு அவள் ரவிக்கைக்குக் கீழே சேலையைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டு வந்தேன். இடுப்பெலும்பின் மட்டத்துக்கு வந்ததும், நடுவில், என் கை நின்றது. இந்த இடம்தான். தேடவே வேண்டியிருக்கவில்லை, என் குதிகாலுக்கே தெரியும்.

இரண்டு கையையும் அங்கே வைத்தேன். எடுத்து, என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“இன்னாடி, கையை எடுத்துட்டே?” என்றாள் அவள், தலையணையில் முகத்தை வைத்தபடி.

“ஒண்ணுமில்லக்கா” என்றேன். ஈரமாக இருந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, மறுபடி அங்கேயே வைத்தேன்.